அவர் வைத்த பெயர்கள்

அவர் என்னை ஒன்பது வருடம் ‘மழை’ என்றுதான் கூப்பிட்டார். என் பெயர் பியூலா. வேலைக்குச் சேர்ந்த முதல் நான்கு மாதம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார். பிறகு ஒரு பந்தயத்தின் நடுவில், மழை வர இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று நான் ரேடியோவில் சொன்னேன். மூன்றாவது நிமிடத்தில் கொட்டியது. வெயிலுக்கான வழவழ டயரில் ஓடிக்கொண்டிருந்தவர் ஒரு வளைவில் சுழன்று, சரளைக்கல்லில் போய்ப் புதைந்தார். காரை இழுத்து வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“என்ன மழை, சாப்பிட்டியா?” என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் பியூலா என்பது அவர் வாயில் வரவே இல்லை.

கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் இழுக்கும் லோரிகள் அவருக்கு நிறைய ஓடின. அதில் வந்த வருமானத்தில் ஒரு பந்தயக் கார் டீம் வைத்திருந்தார். டீமின் முதலாளியும் அவர்தான், காரை ஓட்டுகிறவரும் அவர்தான். மற்ற டீம்களில் ஓட்டுநர் சரியில்லையென்றால் முதலாளி ஆளை மாற்றுவார். எங்கள் டீமில் மாற்ற முடியாத ஒரே ஆள் ஓட்டுநர். அதனால் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் மற்ற பதின்மூன்று பேரும் அவரவர் செய்த வேலையை மனதுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துக்கொள்வோம்.

என் வேலை, ஓடுபாதை ஓரத்துச் சுவரை ஒட்டி மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டு காரிலிருந்து வரும் கணக்குகளைப் பார்ப்பது. ரேடியோவில் அவர் காதுக்குள் பேசுவது. என் அப்பா பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு சிக்னல் வேலை பார்த்தவர். மகளும் சிக்னல் வேலைதான் பார்க்கிறாள் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

டயர் பார்க்கும் அஸ்மி ஒருமுறை வலது பக்க டயரை இடது பக்கம் மாட்டிவிட்டான். அன்றிலிருந்து அவன் ‘கிரி’. மலாயில் இடது என்று அர்த்தம். வேன் ஓட்டுகிற அண்ணன் சாவியை உள்ளேயே வைத்துக் கதவை அடைத்த நாளிலிருந்து ‘பூட்டு’. தலைமை மெக்கானிக் சவரிமுத்து அண்ணன்தான் ஆக மூத்தவர். டீம் ஆரம்பித்த வருடத்தில் ஒரு சக்கரத்தின் நட்டை முழுதாக இறுக்காமல் விட்டுவிட்டார். சக்கரம் கழன்று ஓடியது. அதற்கப்புறம் எத்தனையோ ஆயிரம் நட்டுகளை இறுக்கியிருப்பார். அவர் ‘நட்டு’தான்.

புதிதாக வருகிற விருந்தாளிகளுக்கு எங்களை அறிமுகப்படுத்துவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. இது கிரி, இது பூட்டு, இது மழை என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் உள்ள கதையையும் சொல்வார். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர். விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். ஒருநாள் தைரியமாகக் கேட்டேன்.

“பாஸ், எங்களுக்கெல்லாம் பேரு இருக்குல்ல?”

“பேரு மறந்து போயிரும்மா. தப்பு மறக்காதுலா.”

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அப்பா இறந்தபோது முதலில் வந்தவர் அவர்தான். சவப்பெட்டியை முன்பக்கம் தோள்கொடுத்துத் தூக்கினார். கல்லறைத் தோட்டத்தில் வெயிலில் மூன்று மணி நேரம் கறுப்புச் சட்டையோடு நின்றார். என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆன்டி, இவ இனிமே என் வீட்டுப் பொண்ணு” என்றார். அம்மா அழுதுவிட்டார். பாஸ்டர் கடைசி ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் குழியில் மண் போட ஆரம்பித்தார்கள். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, “என்ன மழை, இன்னைக்கு வருமா வராதா?” என்றார். பூட்டு அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். என் கையில் ஒரு பிடி மண் இருந்தது. நானும் லேசாகச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சவரிமுத்து அண்ணனின் வீடு கேரி தீவில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது. அங்கிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கிள்ளானில் இருந்த எங்கள் பட்டறைக்கு வருவார். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குச் சர்ச்சில் முதல் நற்கருணை, புதுநன்மை கொடுத்த அன்று டீம் முழுவதும் போயிருந்தோம். வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டலும் நெய்ச்சோறும் போட்டார்கள். பாஸ் பெரிய பரிசுப் பெட்டியோடு வந்தார். பாதருக்கு வணக்கம் சொன்னார். யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

“இந்தப் பிள்ளையோட அப்பாவ நான் நட்டுன்னுதான் கூப்பிடுவேன். ஏன்னு தெரியுமா?” என்று தொடங்கினார்.

கழன்ற சக்கரம் எப்படி உருண்டது, அதைத் துரத்திக்கொண்டு சவரிமுத்து எப்படி ஓடினார், அவருடைய கால்சட்டை எப்படி வழுகியது என்று நடித்தே காட்டினார். கூடாரம் அதிர்ந்தது. பாதர்கூடச் சிரித்தார். வெள்ளை கவுனும் தலையில் வெள்ளைப் பூவுமாக நின்ற எட்டு வயதுப் பெண், சிரிக்கிற சனங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது. சவரிமுத்து அண்ணன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். “அப்படித்தான் ஓடுனேன், அப்படித்தான் ஓடுனேன்” என்று தலையாட்டினார். அந்தத் தோட்டத்தில் அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு ‘நட்டு மக’ என்று பெயர் வந்துவிட்டதாக அவர் மனைவி ரீத்தா அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார். பள்ளியிலும் அப்படித்தானாம்.

இவ்வளவையும் ஏன் பொறுத்துக்கொண்டு இருந்தோம் என்று கேட்கலாம். அவர் ஓட்டுவதைப் பார்த்தால் தெரியும். ஈரப் பாதையில் மற்றவர்கள் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்குகிற இடத்தில் அவர் எடுக்கமாட்டார். கார் பின்பக்கம் வழுக்கும், அவர் ஸ்டீயரிங்கை விரல் நுனியால் திருத்துவார், என் திரையில் ஸ்டீயரிங்கின் கோடு சின்னதாக நெளிந்து நேராகும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவ்வளவு வேகத்திலும் என்னிடம் நிதானமாகப் பேசிக்கொண்டு வருவார். பதினான்காவது வளைவில் புதிதாக எண்ணெய் சிந்தியிருக்கிறது, மூன்றாம் நம்பர் கார்காரன் களைத்துவிட்டான், இடது முன் டயர் இன்னும் ஐந்து சுற்று தாங்கும். எல்லாம் சரியாக இருக்கும். அந்தக் குரலோடு ஆறு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனால் மற்ற மனிதர்கள் பேசுவது மந்தமாகத் தெரியும். எனக்குக் கல்யாணத்துக்குப் பார்த்தார்கள். நான்தான் தள்ளிப் போட்டேன்.

ஒரு பயிற்சி நாளில் அவர் சுவரில் இடித்தார். யாருக்கும் அடியில்லை, காரின் மூக்கு மட்டும் போயிற்று. நான் கணக்கை எடுத்துப் பார்த்தேன். வழக்கமாக பிரேக்கை மிதிக்கும் இடத்தைத் தாண்டித்தான் மிதித்திருக்கிறார். கோடு தெளிவாக இருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவளின் ஆர்வத்தில் காகிதத்தில் அச்செடுத்து, அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். கோபம் இல்லை, வெட்கம் இல்லை. தெரியாத மொழியில் எழுதிய கடிதத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“சென்சர் கெட்டுப் போயிருக்கு” என்றார்.

“இல்ல பாஸ், காலைலதான் செக் பண்ணோம்.”

“சென்சர மாத்தச் சொல்லு. யாரு மாட்டுனது?”

மாட்டிய பையன் பினாங்குக்காரன், சீன இளைஞன். ஒரு மாதம்வரை அவனை ‘பொய்’ என்று கூப்பிட்டார். பிறகு அவனாகவே வேலையை விட்டு நின்றுவிட்டான். நான் அதற்கப்புறம் சிவப்புப் பேனா எடுக்கவில்லை.

ஏன் இப்படி இருக்கிறார் என்று சவரிமுத்து அண்ணனிடம் கேட்டேன். பட்டறைக்கு வெளியே உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

“பாஸ் சின்ன வயசுல வேற ஒரு ஆளோட டீம்ல ஓட்டுனாரும்மா. நானும் அங்கதான் இருந்தேன். அந்த மொதலாளி ஒரு வெள்ளப் பலகை வச்சிருப்பான். அதுல இவரு டைம் எழுதி, பேருக்குப் பதிலா ஒரு ஆமை படம் வரைஞ்சிருவான். வர்றவன் போறவன்லாம் பாப்பான். ஒரு சீசன் முழுக்க. இவரு ஒரு வார்த்த பேசல. சீசன் முடிஞ்ச அன்னைக்கு என்கிட்ட வந்து, ‘அண்ணே, நான் சொந்தமா டீம் போடப்போறேன், வர்றீங்களா’ன்னு கேட்டாரு. அப்ப எல்லாம் அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு.”

அதைக் கேட்டபோது அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கம் எனக்கு இரண்டு மூன்று வருடம் ஓடியது. அவர் என்ன சொன்னாலும் அந்த வெள்ளைப் பலகையை நினைத்துக்கொள்வேன்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

ஆறு மணி நேரப் பந்தயம். நாங்கள் எங்கள் பிரிவில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தோம். இப்படி நீளமான பந்தயத்தில் நடுநடுவே காரை உள்ளே கொண்டுவந்து டயர் மாற்றுவார்கள். மாற்றுகிறவர்கள் நான்கு மூலையிலும் குந்தி உட்கார்ந்து வேலை செய்வார்கள். எல்லாரும் எழுந்து விலகியதைப் பார்த்துவிட்டு நான் ரேடியோவில் ‘கோ’ என்று சொல்வேன். அந்தச் சொல் கேட்டால்தான் கார் நகர வேண்டும். எங்கள் டீமில் அதுதான் சட்டம். அவரே போட்ட சட்டம்.

கார் வந்து நின்றது. நான்கு சக்கரமும் மாறின. ஜாக்கி இறங்கி கார் தரையில் உட்கார்ந்தது. மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். சவரிமுத்து அண்ணனும் எழுந்தார். பிறகு என்னவோ சந்தேகம் வந்தமாதிரி மறுபடி குனிந்து முன்சக்கரத்து நட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். அவர் எப்போதும் அப்படித்தான். எல்லாரும் ஒருமுறை பார்த்தால் அவர் இரண்டுமுறை பார்ப்பார். அந்தப் பெயரோடு இருபது வருடம் வாழ்ந்தவர் வேறு எப்படி இருப்பார்?

“வெயிட் பாஸ். வெயிட். வெயிட்” என்றேன்.

கார் கிளம்பியது.

முன்சக்கரம் அவரைத் தள்ளிவிட்டது, பின்சக்கரம் அவருடைய வலது காலின்மேல் ஏறி இறங்கியது. அஸ்மி ஓடினான். நான் ஹெட்செட்டோடு எழுந்து நின்றுவிட்டேன். என் காதில் பாஸின் குரல்.

“மழை, என்ன சத்தம் அங்க?”

“பாஸ், சவரிமுத்து அண்ணன் மேல ஏத்திட்டீங்க. கால் போச்சு பாஸ்.”

திரையில் வேகக் கோடு இறங்கவில்லை.

“பாத்துக்க ஆளு இருக்குல்ல?”

“ஆம்புலன்ஸ் வருது பாஸ்.”

“சரி. பின்னாடி வர்றவன் எத்தன செகண்ட்?”

நான் சொன்னேன். பதினொன்று என்று சொன்னேன். இடது பக்கம் ஒரு மனிதர் அலறிக்கொண்டிருந்தார், நான் திரையைப் பார்த்து பதினொன்று என்றேன். நடுவர்கள் தண்டனை நேரம் கொடுத்தும் நான்காவதாக முடித்தோம்.

சவரிமுத்து அண்ணனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பட்டறையில் பாஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தண்ணீர் போத்தலைத் திறந்து எனக்கு முன்னால் வைத்தார். நடுவர்கள் விசாரிக்கப்போகிறார்கள் என்றார். கேமராவில் கார் கிளம்பியது தெரிகிறது, யார் சொல்லிக் கிளம்பியது என்பது தெரியாது என்றார்.

“நீ கோன்னு சொன்ன. நான் போனேன்.”

“பாஸ், நான் வெயிட்னுதான் சொன்னேன்.”

“எனக்குக் கேட்டது கோ.”

“மூணு தடவ சொன்னேன் பாஸ்.”

“மழை, இங்க பாரு. ஓட்டுனவன் தப்புன்னு எழுதுனா என் லைசென்ச எடுத்துருவாங்க. நான் ஓட்டலன்னா டீம் இல்ல. டீம் இல்லன்னா நட்டுவ யாரு பாப்பா? அவன் பொண்டாட்டிய, பிள்ளைய? நீ வாய் தவறிப் போச்சுன்னு எழுதிக் கொடுத்தா உனக்கு என்ன ஆகும்? ரெண்டு வருஷம் சர்க்யூட் பக்கம் வரக் கூடாதும்பாங்க. உனக்குப் படிப்பு இருக்கு.”

அவர் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. டயர் எத்தனை சுற்று தாங்கும் என்று சொல்கிற அதே குரல். டயர் மாற்றுகிறவர்கள் காதிலும் ஹெட்செட் உண்டு. ஆனால் சத்தத்தில் எதுவும் விழவில்லை என்று மூன்று பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். மருத்துவமனையில் சவரிமுத்து அண்ணனும் அதையேதான் சொன்னாராம். அப்படியானால் என் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை, அவ்வளவுதான்.

நான் எழுதிக் கொடுத்தேன். தவறுதலாக ‘கோ’ என்று சொல்லிவிட்டேன், என் கவனக்குறைவு. மூன்று வரி. கணினியில் இருந்த அன்றைய ரேடியோப் பதிவைத் தன் எதிரிலேயே அழிக்கச் சொன்னார். அழித்தேன். முந்தின நாளே என் கைப்பேசியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் தலையில் கைவைத்தார். “பரவால்ல கோ. மனுசங்கன்னா தப்பு நடக்கும்” என்றார்.

அந்த இடத்திலேயே என் பெயர் மாறிவிட்டது. அவர் நடிக்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மருத்துவமனைக்குப் போனேன். ரீத்தா அக்கா வார்டு வாசலிலேயே மறித்தார். “ஏன்மா சொன்ன? ஒரு செகண்டு பாத்துச் சொல்லக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வாங்கிப்போன ஆரஞ்சுகளை நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஸ்டெல்லா அப்போது பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு வருடத் தடை என்றார்கள். அதற்குப் பிறகும் எந்த டீமும் என்னைக் கூப்பிடவில்லை. ‘கோ’ சொன்ன பெண் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரவாங்கில் மீனும் இறைச்சியும் வைக்கிற குளிர்கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. தினமும் கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் போய், அறைகளின் வெப்பநிலை ஏறாமல் பார்த்துக்கொள்வேன். மைனஸ் பதினெட்டு. எண் மாறினால் மணி அடிக்கும். யாரோடும் பேச வேண்டியதில்லை.

விபத்து நடந்த மூன்றாம் வருடம் அவர் தன் பிரிவில் முதலிடம் வந்தார். டீம் தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் வெற்றி. படம் எல்லாருடைய கைப்பேசியிலும் வந்தது. மேடையில் அவர், பக்கத்தில் செயற்கைக் காலோடு சவரிமுத்து அண்ணன். கோப்பையை அண்ணன் கையில் கொடுத்து, அவர் தோளை அணைத்துக்கொண்டு நின்றார். கால் போன மெக்கானிக்கைக் கைவிடாத முதலாளி என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஸ்டோர் பொறுப்பைக் கொடுத்திருந்தார், வீட்டைச் செப்பனிட்டுக் கொடுத்திருந்தார், ஸ்டெல்லாவைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் வந்த அடுத்த வாரம் நான் கேரி தீவுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சவரிமுத்து அண்ணன் வெளியே நாற்காலி போட்டு, கட்டைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துப் பதறவில்லை. “வாம்மா பியூலா” என்றார். ரீத்தா அக்கா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டார்.

“அண்ணே, நான் கோன்னு சொல்லல. வெயிட்னுதான் சொன்னேன். மூணு தடவ.”

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“எனக்கும் காதுல ஹெட்செட் இருந்துச்சுல்ல. மூணு தடவயும் கேட்டுச்சு. நீ வெயிட்னு சொன்னதாலதான் நான் நம்பி குனிஞ்சபடியே இருந்தேன்.”

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

“ஆஸ்பத்திரில பாஸ் வந்தாரு. ‘ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு, மத்தத நான் பாத்துக்குறேன்’னாரு. கால் இல்லாம கெடக்குறேன். ஸ்டெல்லாவுக்கு பரீட்ச வருது. என்னம்மா பண்ணுவேன்? நீ படிச்ச பிள்ள. எங்க போனாலும் பொழச்சிக்குவேன்னு நெனச்சேன்.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொல்லிறாதம்மா. அவ பாஸ் படத்த சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கா. ஸ்டெல்லா இன்னும் ரெண்டு வருஷத்துல பார்மசி முடிச்சிருவா.”

அவர் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ரீத்தா அக்கா வாசலுக்கு வந்து, “சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க” என்று என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார். “நடந்தது நடந்து போச்சு. நாம மன்னிக்கலன்னா சாமி நம்மள மன்னிக்குமா?” என்றார். எனக்குச் சோறு போட்டார். நண்டுக் குழம்பு. அந்த மன்னிப்பை நான் உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டேன். அண்ணன் எதிரில் உட்கார்ந்து தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பாஸைப் பார்த்தது ஒரே முறைதான். போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச் முடிந்து அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடைக்குப் போயிருந்தேன். மனைவியோடும் இரண்டு நண்பர்களோடும் அவர் மூலை மேசையில் இருந்தார். தலை நரைத்திருந்தது. வயது ஐம்பத்தைந்தாவது இருக்கும், இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கை கழுவிக்கொண்டு என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“எப்படி இருக்க கோ?”

“நல்லாருக்கேன் பாஸ்.”

“ரவாங்ல இருக்கியாமே. ஐஸ் ரூம்ல. உனக்கேன்மா அதெல்லாம்? திரும்பி வந்துரு. இப்ப இருக்கிற பையன் சரியில்ல. ரேடியோவுல உன் மாதிரி யாரும் வரல.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “நட்டு விசயத்த நான் எப்பவோ மறந்துட்டேன். உன்ன மன்னிச்சிட்டேன். அவன்கிட்டயும் சொல்லிட்டேன், அவளக் குத்தம் சொல்லாத, பாவம், பொம்பளப் பிள்ள, பதட்டத்துல சொல்லிட்டான்னு.”

அவர் கண்களைப் பார்த்தேன். நானும் அவரும் மட்டும் இருந்த அந்த அறையை, அந்தக் காகிதத்தை, நான் மூன்று தடவை சொன்னேன் என்றதை, ஒரு சின்ன அசைவாவது நினைவுபடுத்துகிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. ஈரமான, அன்பான கண்கள். அவர் என்னிடம் பொய் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு திருடனோடு சேர்ந்து திருடியவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன். அந்த மனிதர் நான் ‘கோ’ சொன்னதாகவே நம்பினார்.

என் கைப்பேசியை எடுத்தேன். நான்கு வருடமாக யாருக்கும் போட்டுக்காட்டாத அந்தப் பதிவைத் தேடி எடுத்து, காதுக்கருவியைத் துடைத்து அவரிடம் நீட்டினேன்.

“இது என்ன?”

“கேளுங்க பாஸ்.”

கேட்டார். ஒன்பது விநாடிதான் அது. என்ஜின் உறுமல், நட்டு இறுக்கும் வீல் கன் சத்தம், என் குரல், கார் கிளம்பும் சத்தம். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கை காட்டினார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டும்போது கேட்பதுபோல, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். கடையில் யாரோ இரசம் கேட்டார்கள். அவர் அழ வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘வெயிட்’ என்ற சொல்லை அவர் வாயால் ஒருமுறை கேட்டால் போதும் என்று இருந்தது.

காதுக்கருவியைக் கழற்றி, கம்பியை ஒழுங்காகச் சுற்றி என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பாத்தியா?” என்றார். “எவ்ளோ மெதுவா சொல்ற பாரு. அந்தச் சத்தத்துல உள்ள இருக்கிறவனுக்கு எப்படிம்மா கேக்கும்? கத்திச் சொல்லியிருக்கணும்லா.”

என் தோளைத் தட்டினார். அதில் வஞ்சம் எதுவும் இல்லை.

“போனது போவட்டும். யோசிச்சி போன் பண்ணு. சரியா?”

“சரி பாஸ்” என்றேன்.

என் சாப்பாட்டுக்கும் அவரே பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் எழுந்து வெளியே வந்தேன். என் கார் வெயிலில் நின்று கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தி, ஏர்கோனைக்கூடப் போடாமல், கைப்பேசியைக் காதோடு வைத்து அந்த ஒன்பது விநாடியைக் கேட்டேன். நான்கு வருடமாகக் கேட்டு எனக்கு மனப்பாடமான குரல். வெயிட் பாஸ். வெயிட். வெயிட். தெளிவாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை போட்டேன். முதல் ‘வெயிட்’ சரி. இரண்டாவது கொஞ்சம் இறங்கியிருந்ததோ? வியர்வை கண்ணில் வழிந்தது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, அவர் சொன்னது எனக்கும் கேட்க ஆரம்பித்தது. மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறேன். என்ஜினுக்கு அடியில் போய்விடுகிற மாதிரி. இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்.